வெள்ளம் சார் வீடு மாற்றுகிறார்

கடற்கரைத் தெருவில் ஒரு வீட்டை விற்க வேண்டுமானால் தரகர் முதலில் அந்த வீட்டைக் காட்டமாட்டார். அதே தெருவில் இருக்கும் தன் அக்கா வீட்டைத்தான் காட்டுவார்.

அன்றும் அப்படித்தான். மூலை வீட்டைப் பார்க்கப் பல் டாக்டர் தன் கணவரோடு வந்திருந்தார். கணவர் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு சுவரையும் விரலால் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே போனார். டாக்டர் ஜன்னலைத் திறந்தார். தெருக்கோடியில், தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், கடல் நல்ல பிள்ளையாகப் படுத்துக் கிடந்தது.

“அழகாத்தான் இருக்கு. ஆனா இந்தத் தெருவே முழுகிடும்னு டிவியில சொன்னாங்களே?”

இந்தக் கேள்வி வந்தால்தான் தரகருக்குத் தெம்பே வரும்.

“சொன்னது யாரு தெரியுமா டாக்டர்? எங்க அத்தான். கூடப்பிறந்த அக்காவோட வீட்டுக்காரர். காலேஜ்ல கடலைப் பத்திப் பாடம் எடுக்கறவர். அதோ, நீல கேட்டு. அதுல ஆரஞ்சு கலர்ல வட்டமா ஒண்ணு தொங்குது பாருங்க.”

“டயரா?”

“மிதவை. கப்பல்ல ஆள் விழுந்தா தூக்கிப் போடுவாங்களே, அது.”

அந்த மிதவைக்கு ஒரு கதை உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு டிவி நிருபர் அத்தானிடம் பேட்டி எடுத்தார். அத்தான் முக்கால் மணி நேரம் பேசினார். கடல்மட்டம் ஏறுகிறது, எவ்வளவு ஏறும் என்பதற்குப் பல கணக்குகள் இருக்கின்றன, மிக மோசமான கணக்கில் பார்த்தாலும் இந்த நூற்றாண்டின் கடைசியில்தான் பெரும்புயல் நாட்களில் தெருவுக்குள் தண்ணீர் வரக்கூடும் என்றார். “அதுக்கான வேலையை அடுத்த பத்து வருஷத்துக்குள்ள தொடங்கணும்” என்று முடித்தார். ஒளிபரப்பில் ‘பத்து வருஷம்’ மட்டும் மிஞ்சியது. ‘இன்னும் பத்தே வருடம்! மாயமாகும் தெரு!’ என்ற எழுத்துகளுக்குக் கீழே அவர் வீட்டு நீல கேட்டுக்குள் மீன்கள் நீந்தின. அவை கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற தங்க மீன்கள் என்பதை அத்தான் மட்டும்தான் கவனித்து வருத்தப்பட்டார்.

அன்றிலிருந்து அவர் ‘வெள்ளம் சார்’ ஆனார். பத்து வருடம் நிறைந்த அன்று தெருக்காரர்கள் கூடி, ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் தலைமையில், நாடா கட்டிய ஒரு மிதவையை அவருக்குப் பரிசளித்தார்கள். மேனேஜர் சுருக்கமாகப் பேசினார்: “சார் தெருவை முழுகவிடாம பாத்துக்கிட்டதுக்கு நன்றி.” அதை வீசியெறிந்தால் கோபித்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று அத்தான் கேட்டிலேயே மாட்டிவிட்டார். தரகருக்கு அதைவிடப் பெரிய விளம்பரப் பலகை கிடைத்திருக்காது.

“இப்ப யோசிங்க டாக்டர். முழுகும்னு சொன்ன மனுஷன் முழுகற தெருவுலேயே உட்கார்ந்திருக்கார், பொண்டாட்டியோட. படிச்சவர், பைத்தியம் இல்ல. அவர் கிளம்பற அன்னிக்கு நீங்க பயப்படுங்க. அன்னிக்கு நானே உங்களுக்கு போன் பண்றேன்.”

டாக்டர் சிரித்துவிட்டார். கணவர் கடைசிச் சுவரையும் தட்டிவிட்டுத் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாகக் கிளம்பினார்கள்.

தரகருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ரொம்ப முக்கியம். தெருவில் ஒரு வீடு கைமாறி மாதக்கணக்காகிவிட்டது. கோட்டு போட்டு வருகிற இன்னொரு தரகரிடம் போகலாமா என்று வீட்டுக்காரர்கள் சாடைமாடையாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள். மூலை வீடு போனால் தெரு அவர் கையில் நிற்கும். போகாவிட்டால் தெருவே கைவிட்டுப் போகும். அவருக்கு இருந்த தொழில் மொத்தமும் அந்தத் தெருதான்.

அன்று மாலை அக்கா போன் செய்தாள். “டேய், ஒரு வீடு பாரு. மாடிப்படி இல்லாத வீடா.”

“யாருக்குக்கா?”

“எனக்குத்தான்.”

தரகர் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார். அக்கா கூடத்தில் ஒரு காலை நீட்டி நாற்காலியில் வைத்திருந்தாள். அத்தான் சாப்பாட்டு மேஜையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

“முட்டி தேஞ்சுபோச்சாம்” என்றாள் அக்கா. “படியே ஏறக்கூடாதுங்கறார் எலும்பு டாக்டர். இந்த வீட்டுல சமையல் கீழ, குளியல் மேல. நான் ஏறி இறங்கின கணக்குக்கு ஒரு மலையில ஏறியிருந்தா இந்நேரம் பேப்பர்ல படம் வந்திருக்கும்.”

“கீழேயே கட்டிலைப் போட்டுக்கலாமே?”

“கட்டிலைப் போடுவே. பாத்ரூமை யாரு தோள்ல தூக்கி இறக்கறது?”

“புதுசா ஒண்ணு கட்டலாம்.”

“எங்க? உங்க அத்தான் புத்தகத்துக்கு மேலயா?”

தரகர் அத்தான் பக்கம் திரும்பினார். “அப்போ இந்த வீட்டை விக்கப்போறீங்களா?”

“விக்க மாட்டேன் மாப்ள. எனக்குத் தெரிஞ்சதைத் தெரிஞ்சுக்கிட்டே இன்னொருத்தர் தலையில கட்ட மனசு வரல. பூட்டிப் போட்டுடுவோம்.”

விற்றாலாவது பரவாயில்லை. வெள்ளம் சார் வீட்டில் பூட்டு தொங்கினால் தெரு என்ன நினைக்கும்? “அத்தான், அந்தக் கேட்டுல ஒரு பூட்டு தொங்கினா என் ஆபீஸ்லயும் ஒண்ணு தொங்கும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. அதுக்கப்புறம் நானே வீடு பாத்துத் தர்றேன்.”

அத்தான் வாக்குக் கொடுத்தார். வாக்கை அப்படியே காப்பாற்றவும் செய்தார். அதில்தான் காரியம் கெட்டது.

மறுநாள் அவர் மருந்துக்கடைக்குப் போய்க் காலி அட்டைப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டார்.

“எதுக்கு சார்?” என்றாள் மருந்துக்கடைக்காரம்மா.

“புத்தகம் கட்ட.”

“ஏன், எங்கயாவது போறீங்களா?”

அவருக்குப் பொய் சொல்ல வராது. உண்மையைச் சொல்லக்கூடாது என்று வாக்கு வேறு கொடுத்திருந்தார். பேசாமல் நின்றார். வாயைத் திறந்தால் கடலைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிற மனிதர், கண்ணாடி அலமாரியில் இருமல் மருந்துகளைப் பார்த்தபடி ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். அவர் பேசியதை ஒருநாளும் நம்பாத தெரு, பேசாததை மத்தியானத்துக்குள் நம்பிவிட்டது.

சாயங்காலம் நீல கேட்டின் முன்னால் கூட்டம். மேனேஜர்தான் முன்னால் நின்றார்.

“என்ன சார், சொல்லாம கொள்ளாம கிளம்பறீங்க? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“உங்களுக்கு ஒரு வார்த்தையா? இத்தனை வருஷமா சொல்லிட்டுத்தானே சார் இருக்கேன்?”

“அதை விடுங்க. அது டிவிக்குச் சொன்னது. நிஜத்தைச் சொல்லுங்க. எப்ப வருது?”

இனி மறைத்துப் பிரயோஜனமில்லை என்று அத்தானுக்குப் புரிந்தது. “ஒண்ணும் வரல. என் மனைவிக்கு முட்டி வலி. படி ஏற முடியல. அவ்வளவுதான்.”

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

“முட்டியாம்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“நேத்து கூட அந்தம்மா காய்கறி வாங்கிட்டு நல்லா நடந்து போனாங்களே” என்றாள் மருந்துக்கடைக்காரம்மா.

“நடக்கலாம்மா! ஏறத்தான் கூடாது!” என்று உள்ளேயிருந்து அக்கா கத்தினாள். கத்தியதோடு நிற்காமல், நொண்டிக்கொண்டே வந்து எக்ஸ்ரேயை நீட்டினாள். மேனேஜர் அதை வாங்கி, சாயங்கால வெயிலுக்கு நேரே பிடித்து, முப்பது வருடம் காசோலைக் கையெழுத்துப் பார்த்த கண்ணால் நிதானமாகப் பார்த்தார்.

“இது யாரோட முட்டி?”

“என்னோடதுதான்! வேற யார் முட்டியை நான் வாடகைக்கு எடுத்துட்டு வருவேன்?”

“தப்பா எடுத்துக்காதீங்க. மேல பேரு சரியாத் தெரியல, அதான்.”

அத்தானுக்குப் பொறுமை போயிற்று. “சார், நான் சொல்றதைக் கேளுங்க. இந்த வருஷம் கடல் உள்ள வராது.”

“அப்போ அடுத்த வருஷமா?”

“அடுத்த வருஷமும் வராது! பயப்பட இப்ப ஒண்ணுமே இல்ல!”

மேனேஜரின் முகம் வெளுத்தது. “பாத்தீங்களா? இவரே பயப்பட வேண்டாம்னு சொல்ற அளவுக்கு வந்துடுச்சு.”

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மூன்று வீட்டுக்காரர்கள் தரகரை அழைத்துத் தங்கள் வீட்டையும் விற்றுத்தரச் சொன்னார்கள். மூவருமே மிதவை வாங்கப் பங்கு போட்டவர்கள். அவர்களில் மேனேஜர் மட்டும் கொஞ்சம் கௌரவமாக, “விக்கணும்னு இல்ல, சும்மா என்ன நிலவரம்னு தெரிஞ்சுக்கத்தான்” என்றார். நாலாவதாக வந்த அழைப்பு பல் டாக்டருடையது.

“கிளம்பற அன்னிக்கு போன் பண்றேன்னீங்க. பண்ணல. அதான் நானே பண்றேன்.”

“டாக்டர், அது முட்டி...”

“எனக்குப் பல்லுதான் தெரியும், முட்டி தெரியாது. ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். இத்தனை வீடு வித்துக் குடுக்கறீங்களே, உங்க வீடு எங்க இருக்கு?”

“மேட்டுத் தெருல.”

“மேட்டுத் தெருல எங்க?”

“தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல” என்றார் தரகர். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. ஊரில் எது உயரமோ அங்கேதான் தண்ணீர்த் தொட்டி கட்டுவார்கள் என்பது பல் டாக்டருக்கும் தெரியும். மறுமுனையில் யாரோ சுவரைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

தரகர் மேட்டுத் தெருவில் வீடு கட்டியதற்குக் கடலோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. மனை சல்லிசாக வந்தது, கட்டினார். அப்படித்தான் இன்றுவரை நினைத்திருந்தார். இப்போது நினைத்துப் பார்த்தால், கடற்கரைத் தெருவிலும் அதே சமயம் ஒரு மனை சல்லிசாக வந்தது ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை அக்கா வீட்டில் பேச்சுவார்த்தை. தரகரின் மனைவியும் வந்திருந்தாள். தரகர் நடந்ததைச் சொல்லித் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏண்டா, உன் வீடு முழுக்க ஒரே மட்டம்தானே? படியே இல்லையே?”

“வாசல்ல ஒரு படி இருக்கு.”

“அது செருப்பு விடற படி. அதை ஏறிடுவேன். நாங்க உன் வீட்டுக்கு வர்றோம். நீங்க இங்க வந்துடுங்க. பூட்டும் தொங்காது, உன் தொழிலும் போகாது.”

தரகர் தலையிலிருந்து கையை எடுத்தார். “அதெப்படிக்கா? அத்தானுக்குத்தான் இன்னொருத்தர் தலையில கட்ட மனசு வராதே.”

அத்தான் பேனாவைக் கீழே வைத்தார். “என்னை நம்பி வாங்கறவங்க தலையில கட்ட மனசு வராது. உனக்குத்தான் என் கணக்குல நம்பிக்கையே இல்லையே மாப்ள. உனக்குக் குடுக்கறதுல எனக்கு என்ன உறுத்தல்?”

“நானே எத்தனை தடவை கேட்டிருக்கேன் அண்ணி, ஜன்னலைத் திறந்தா கடல் தெரியற வீடு வேணும்னு” என்றாள் மனைவி. “ஊருக்கெல்லாம் காட்டுவார். எனக்குக் காட்டினதில்ல. ஏங்க, வாங்க வர்றவங்ககிட்ட எல்லாம் ‘நூறு வருஷத்துக்குக் கவலையில்ல’ன்னு சொல்லுவீங்களே, நமக்கும் அதே நூறு வருஷம்தானே?”

எல்லாப் பக்கமும் அடைத்தாயிற்று. தரகர் எழுந்து அத்தானை வாசலுக்கு அழைத்துப் போனார். மிதவைக்குப் பக்கத்தில் நின்று, யாரும் கேட்கவில்லையே என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“விளையாட்டுக்குக் கேக்கறேன் அத்தான். தண்ணி வந்தா... எது வரைக்கும் வரும்?”

அத்தானின் கண்ணாடிக்குள் கண்கள் விரிந்தன. அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த நாளிலிருந்து இந்தக் குடும்பத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. “அது வந்து மாப்ள, அஞ்சாறு கணக்கு இருக்கு. புகையைக் குறைச்சா ஒரு கணக்கு, குறைக்கலேன்னா ஒண்ணு. அதுல பனி உருகற வேகம் இருக்கே, அதுலதான் சந்தேகமே. அதனால இவ்வளவுலேர்ந்து இவ்வளவு வரைக்கும்னு ஒரு...”

“ஒரு நம்பர் சொல்லுங்க.”

“ஒரே நம்பர் சொன்னா அது பொய்.”

“டிவியில மட்டும் பத்துன்னு சொன்னீங்க?”

“நான் சொல்லல. அவன் வெட்டி ஒட்டினான். நான் சொன்னது வேலையைத் தொடங்கறதுக்குப் பத்து.”

“நீங்க முக்கால் மணி நேரம் பேசினா அவன் வெட்டாம என்ன பண்ணுவான்?” தரகருக்கு எரிச்சல் வந்தது. “அத்தான், நான் ஒருத்தருக்கு வீடு காட்டறப்போ ‘மூணுலேர்ந்து ஏழு ரூம் வரைக்கும் இருக்கலாம்’னு சொன்னா எவன் வாங்குவான்?”

“நீ இருக்கற ரூமை எண்ணிச் சொல்றே. நான் இன்னும் கட்டாத ரூமை எண்ணிட்டிருக்கேன்” என்றார் அத்தான். கொஞ்சம் யோசித்து, தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்து, கையை இன்னும் கீழே இறக்கினார். பிறகு கேட்டின் நடுக்கம்பியைத் தொட்டார். “பெரிய புயல் அடிச்சு, கடல் பொங்கற நேரமும் சேர்ந்தா, ஒருவேளை இங்க. நம்ம காலத்துல வராமயே போகலாம். எதுக்கும்...”

“எதுக்கும்?”

“எதுக்கும் நான் பிளக் பாயிண்ட் எல்லாத்தையும் கொஞ்சம் உசத்தி வெச்சிருக்கேன்.”

தரகர் திரும்பிக் கூடத்துக்குள் பார்த்தார். இத்தனை வருடம் வந்து போகிற வீடு. எல்லா பிளக்கும் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அத்தானுக்குக் குனிய வராது, அதனால்தான் என்று நினைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் குடி மாறுவது என்று முடிவாயிற்று. தரகர் பல் டாக்டருக்கு அவராகவே போன் செய்து, “நானே அந்தத் தெருவுக்குக் குடி வர்றேன். வந்து கண்ணால பாத்துட்டு முடிவு பண்ணுங்க” என்றார்.

ஞாயிறு காலை வெள்ளம் சாரின் சாமான்கள் ஒரு லாரியில் போயின. பாதிக்கு மேல் இருமல் மருந்துப் பெட்டிகளில் கட்டிய புத்தகங்கள். அக்கா முன் சீட்டில் உட்கார்ந்து, மேனேஜர் பார்க்கும்படியாக எக்ஸ்ரேயை மடியில் வைத்துக்கொண்டு போனாள். சற்று நேரத்தில் அதே லாரி தரகரின் சாமான்களோடு திரும்பி வந்தது.

தெரு முழுக்க வாசலில் நின்றது. பல் டாக்டரும் கணவரும் மூலை வீட்டு நிழலில் நின்றார்கள். தரகர் வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். சோபா இறங்கியது, கீழே போனது. மேஜை இறங்கியது, கீழே போனது. மேனேஜர் தலையை அசைத்து அசைத்து ஒவ்வொன்றையும் ஒப்புக்கொண்டார். இறங்க இறங்கத் தெருவின் முகம் தெளிந்தது. “நான் அப்பவே சொன்னேன், முட்டிதான்னு” என்றாள் மருந்துக்கடைக்காரம்மா.

பிறகு ஃப்ரிட்ஜ் இறங்கியது. போன மாதம்தான் வாங்கியது, இரண்டு கதவு. சுமை ஆட்கள் வாசலில் நிறுத்தி மூச்சு வாங்கினார்கள்.

“எங்க வைக்கறது?”

தரகர் சமையலறையைப் பார்த்தார். கீழே, வாசலுக்கு நேராக, இடம் தயாராக இருந்தது. பிறகு அவர் கண் தானாகக் கேட்டின் நடுக்கம்பிக்குப் போனது.

“மேல” என்றார்.

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “சமையல்கட்டு கீழதானே இருக்கு?”

“மேலன்னா மேல. பேசாம ஏத்துங்க.”

இரண்டு கதவு ஃப்ரிட்ஜ் படியில் ஒவ்வொரு அடியாக முக்கி முனகி ஏறுகிற சத்தம் மட்டும் எல்லோருக்கும் கேட்டது. மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள். “அப்போ பால் எடுக்க நான் ஒவ்வொரு தடவையும் மாடி ஏறணுமா? உங்க அக்கா முட்டி எப்படித் தேஞ்சுதுன்னு இப்பல்ல புரியுது.”

மேனேஜர் சாலையைக் கடந்து வந்தார். “ஏன் மேல?”

“கீழ காத்து வரல சார்” என்றார் தரகர். “ஃப்ரிட்ஜுக்குக் காத்து வேணும்.”

“ஓ” என்றார் மேனேஜர். ஃப்ரிட்ஜ் படி திரும்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். “ஆமா. காத்து முக்கியம்தான்.”

தரகர் மூலை வீட்டுப் பக்கம் பார்க்கப் பயந்தார். எல்லாம் போயிற்று என்று தெரிந்தது. ஒரு தெரு, ஒரு தொழில், ஒரு வார்த்தையில். பல் டாக்டர் நேராக அவரை நோக்கி வந்தார். கணவர் பின்னாலேயே வந்து, பழக்கதோஷத்தில் கேட்டைத் தட்டினார்.

“அந்த மூலை வீட்டுல” என்றார் டாக்டர், “மாடியில ஃப்ரிட்ஜுக்கு பிளக் பாயிண்ட் இருக்கா?”

“இல்ல டாக்டர். ஆனா... போட்டுத் தர்றேன். நெஞ்சு உசரத்துல போட்டுத் தர்றேன்.”

“அப்போ வாங்கிக்கறோம்.” அவர் போகத் திரும்பியபோது, கணவர் முதல்முறையாக வாயைத் திறந்தார். “வாஷிங் மெஷினுக்கும் ஒண்ணு.”

அடுத்து வந்த வாரங்களில் கடற்கரைத் தெருவில் வேறு யாரும் வீட்டை விற்கவில்லை. கடல் உயரும் என்று யாரும் நம்பவும் இல்லை. மருந்துக்கடையில் அந்தப் பேச்சு வந்தால் பழையபடி சிரித்தார்கள். ஆனால் எலெக்ட்ரீஷியனைப் பிடிக்க முடியவில்லை. முதலில் மேனேஜர் வீட்டு ஃப்ரிட்ஜ் மேலே போனது. மருந்துக்கடைக்காரம்மா கீழ் அலமாரியிலிருந்த மருந்தெல்லாம் எடுத்து மேல் தட்டுக்கு மாற்றினாள். எலி வருகிறது என்றாள்.

அத்தான் ஒருநாள் மறந்து வைத்துவிட்டுப் போன அகராதியை எடுக்க வந்தார். தெருக்கோடியிலிருந்து நடந்து வரும்போதே மாடி ஜன்னல்களில் வரிசையாகத் தெரிந்த ஃப்ரிட்ஜ்களைப் பார்த்தார். மேனேஜர் வாசலில் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார், எல்லா ஃப்ரிட்ஜும் மேல ஏறிடுச்சு?”

“காத்துக்காக சார்” என்றார் மேனேஜர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். “நீங்க பாட்டுக்கு இதையும் உங்க கணக்குல சேர்த்துக்காதீங்க.”

அத்தான் நீல கேட்டைத் திறந்தார். ஏதோ குறைவது போல் இருந்தது. கம்பியில் மிதவை இல்லை. அது தொங்கிய இடத்தில் வட்டமாகப் பெயிண்ட் மட்டும் புதிதாக இருந்தது. உள்ளே போய், தரகர் காட்டிய மாடி அறையில் அகராதியைத் தேடினார். அகராதி ஃப்ரிட்ஜின் மேல் இருந்தது. அதற்குப் பின்னால், சுவரில் புதிதாக அடித்த ஆணியில், மிதவை.

அத்தான் அதைப் பார்த்தார். தரகரைப் பார்த்தார்.

“வெயில்ல கெட்டுப்போகுது அத்தான்” என்றார் தரகர். “நல்ல பொருளு.”

அத்தான் அகராதியை எடுத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் நின்று திரும்பினார்.

“ரெண்டு பேரு இருக்கீங்களே. ஒண்ணு போதுமா?”

தரகர் சிரித்தார். அத்தான் தெருக்கோடி தாண்டும் வரை சிரித்துக்கொண்டே நின்றார். பிறகு போனை எடுத்து, மிதவை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று மேனேஜரைக் கேட்டார்.

“ஏன் தம்பி, உங்களுக்கும் வேணுமா?” என்றார் மேனேஜர். “கொஞ்சம் பொறுங்க. எல்லாருக்குமா சேர்த்துத்தான் கடையில ஆர்டர் குடுத்திருக்கேன்.”